பிழைக் காசின் விலை

சென்ற வேனில் விடுமுறையில் ஒருநாள் மாலை, குரோம்பேட்டையில் எங்கள் தெருவிலேயே தையற்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்தும் முதிய அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வந்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, “தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளை. இது என்ன விலை போகும் என்று பார்த்துச் சொல்லப்பா” என்றார். விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்த்தேன். அச்சு நடுவிற் படாது ஒருபால் விலகி விழுந்திருந்தது. இரு முகத்திலும் ஓரத்தே பிறைபோல் வெற்றிடம். ஆண்டைக் குறிக்கும் எண்களில் முன்னிரண்டே உள. பின்னிரண்டும் வில்லையின் எல்லைக்கு அப்பாற் போயின.

காய்கறிக் கடையிற் சில்லறையாக வந்த காசு அது. அதனை எட்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகக் கைப்பேசியில் ஒருவன் சொல்லியிருக்கிறான். ‘பதிவுக் கட்டணம்’ என்று 2,350 ரூபாய் கேட்டான், அம்மையார் அனுப்பிவிட்டார். பின்னர், ரிசர்வ் வங்கியின் சின்னம் பொறித்த தாள் ஒன்றின் படத்தை அனுப்பி, வரியாக 8,000 ரூபாய் கட்டினால் மறுநாளே பணம் வரும் என்றான். பேத்தியை நர்சிங் படிப்பிற் சேர்க்க வேண்டும். ஆதலால் தோட்டை அடகு வைத்து அந்த எண்ணாயிரத்தையும் கட்டலாமா என்று கேட்பதற்கே அவர் வந்தார். காசின் விலையைக் கேட்டது அதற்கு முகவுரை.

இத்தகைய செய்திகள் நாளிதழ்களில் வரும்போதெல்லாம் படித்தவர்கள் ‘பேராசை’ என்னும் ஒரு சொல்லால் அவற்றை முடித்துவிடுகின்றனர். யான் அக்கருத்தினன் அல்லேன். பிழைக் காசு என ஒன்று உண்மையில் உண்டு. அதற்கு விலையும் உண்டு. சிலவற்றிற்குப் பெருவிலையே உண்டு. பொய் இங்கே ஒரு மெய்யின் தோள்மீது ஏறி நிற்கின்றது. அந்த மெய் எவ்வளவு, எங்கே முடிகின்றது என்பதை அறிந்தவர் பேசாதிருப்பதனாலேயே, அறியாதவர் ஏமாறுகின்றனர். ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, பழைய காசு, நோட்டு ஆகியவற்றின் வாணிகத்தில் தனக்குத் தொடர்பு ஒன்றுமில்லை என்றும், அதற்கெனக் கட்டணமோ தரகோ தான் கேட்பதில்லை என்றும் அறிக்கை விடுத்தது. அவ்வறிக்கை எங்கள் தெருவிற்கு வரவில்லை; மோசக்காரனின் படம் வந்தது.

நிற்க. காசு பிழைபடுவது எங்ஙனம்? உலோகத் தகட்டினின்று வட்டமாக வெட்டப்பெற்ற வில்லை, கீழச்சிற்கும் மேலச்சிற்கும் இடையே ஒரு வளையத்துட் சென்று அமர்கின்றது. அச்சு மோதுங்கால் இரு முகமும் ஒருங்கே பதிகின்றன. உலோகம் பக்கவாட்டில் விரியாதபடி வளையம் தடுக்கின்றது. வில்லை நேரே அமராவிடின், அம்மையாரின் காசுபோல் உருவம் விலகிப் பதியும். அடிபட்ட காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அதன் முகம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். நம் நாட்டு நாணய வணிகர் இதனை ‘லக்கி’ என்பர். ஒரு காசிற்குரிய வில்லை மற்றொன்றன் அச்சில் அகப்படுதலும், இரு வேறு காசுகளின் அச்சுகள் தவறி ஒன்றுசேர்தலும் உண்டு. இந்நாளில் இந்திய நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா என்னும் நான்கிடங்களில் அடிக்கப்படுகின்றன. நம் சென்னையிலும் ஒன்று இருந்தது. 1869இல் மூடப்பட்டு, இன்று தங்கசாலை என்னும் தெருப்பெயராய் நிற்கின்றது. அச்சிடுமிடத்தில் தவறியவற்றைப் பொறுக்கி நீக்குவர். அந்தக் கண்ணுக்குத் தப்பி வெளிவந்தவையே பிழைக் காசுகள்.

வெளிவந்தபின் கெட்டது பிழைக் காசு ஆகாது. எங்கள் ஊர்ச் சிறுவர் தண்டவாளத்திற் காசை வைத்து மின்சார ரயிலால் நசுக்கி விளையாடுவர். அவை நசுங்கிய காசுகள், அவ்வளவே. இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கினால் ‘லக்கி’போலத் தோன்றும் ஒன்று கிடைக்கும், ஆயின் அதன் மறுமுகம் மழுங்கியிருக்கும். இருபுறமும் ஒரே முகமுள்ள காசு ஏறக்குறைய எப்போதும் செய்வேலையே. இரண்டு காசுகளைக் கடைந்து பொருத்தியது. உற்று நோக்கின் உள்விளிம்பை ஒட்டி மயிரிழைபோற் பொருத்துவாய் தெரியும்.

அம்மையாரின் காசை மறுநாள் நம் கல்லூரிக்குக் கொண்டுவந்து இயற்பியற் கூடத்துத் தராசில் நிறுத்தேன். 5.98 கிராம் காட்டியது. இவ்வகை ஐந்து ரூபாய்க்கு விதித்த எடை 6 கிராம். காந்தம் ஒட்டவில்லை, நிக்கல் கலந்த பித்தளையாதலின் ஒட்டவுங் கூடாது. வளையத்திற்கு வெளியே அடிபட்டமையால் உருவம் முழுவட்டமாக இராது ஒருபால் நீண்டிருந்தது. அரம் பட்ட சுவடு எங்குமில்லை. அராவி எடுத்திருந்தால் எடை குறைந்திருக்கும். நசுக்கியிருந்தால் உருவங்கள் மழுங்கியிருக்கும். ஆகவே அது மெய்யான பிழைக் காசே. இதனை அம்மையாரிடம் சொல்ல எனக்குச் சற்று அச்சமாகவே இருந்தது. ஏனெனில் ‘மெய்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் ‘எட்டு லட்சம்’ என்பதும் மெய்யாகிவிடும் அன்றோ?

இங்கேதான் பலரும் வழுக்குகின்றனர். காசு மெய்யா என்பது ஒரு கேள்வி. அது என்ன பெறும் என்பது முற்றும் வேறொரு கேள்வி. முன்னதற்குத் தராசும் காந்தமும் விடை சொல்லும். பின்னதற்கு விடை சொல்ல வல்லவர், அதனை வாங்குவோர் மாத்திரமே. இணையத்தில் ஒருவர் தம் காசிற்கு ஐந்து லட்சம் என்று எழுதி வைக்கலாம். எழுதுவதற்கு யாது தடை? கேட்கும் விலை விலையன்று. கொடுத்த விலையே விலை. மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் நடைபெறும் நாணய ஏலங்களின் முடிவு விலைகள் வெளியிடப்படுகின்றன. அவற்றில் ஒத்த காசு, ஒத்த விலகல், ஒத்த நிலை ஆகியவற்றைத் தேட வேண்டும். ஒத்த காசு ஒன்று 1,000 ரூபாய்க்குப் போயிற்று என வைத்துக்கொள்வோம். அதனுள் வாங்குவோன் ஏலக்காரருக்குத் தருவதும் அடங்கியிருக்கலாம். விற்போன் தரும் தரகு வேறு. கடைக்காரரிடம் நேரே கொடுத்தால் அதிற் பாதியே தருவார். இதனைக் கொள்ளை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அவர் அக்காசை வாங்கி, வேண்டுவோன் ஒருவன் வரும்வரை பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார், வாராமலும் போகலாம்.

இனிப் பிழையின் அளவு. சிறிதே விலகிய காசுகள் பல. அவற்றிற்கு மதிப்பு மிகக் குறைவு. பாதியளவு விலகியும் ஆண்டு முழுவதும் தெரியுமாயின், சேகரிப்போர் விரும்புவர். ஆண்டு தெரியாதது அதனினும் தாழ்ந்தது. அம்மையாரின் காசில் ஆண்டு பாதியே நின்றது என்பதை மறத்தல் கூடாது. நிலையும் அங்ஙனமே. ஷெல்டன் என்னும் அமெரிக்கர் 1949இல் அந்நாட்டுப் பழைய சென்ட் காசுகளுக்கு 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 70ஆம் படியிலுள்ள காசு முதற்படிக் காசைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. சில்லாண்டுகளிற் சந்தை அக்கணக்கைப் பொய்யாக்கிவிட்டது. ஆயினும் எழுபது படிகள் மாத்திரம் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. விலையைச் சூத்திரத்தில் அடைக்க முயன்றவர்க்கு நேர்ந்தது இது. பழங்காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி எடுத்து வருவோரும் இதை நினைக்க வேண்டும். துலக்கிய காசை அறிந்தவர் ஒருபோதும் விரும்பார்.

நம் நாட்டில் பெயர்பெற்ற பிழைக் காசு 1911ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் ரூபாய் அது. அவர் மார்பில் அணிந்த பதக்க மாலையில் யானை உருவம் ஒன்று உண்டு. அச்சு வெட்டியவர் அந்த யானைக்குத் துதிக்கையைக் குட்டையாக அமைத்துவிட்டமையால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றியாகத் தோன்றியது. இசுலாமிய மக்கள் மனம் வருந்தினர்; அரசாங்கம் அந்நாணயத்தை நிறுத்தியது. அடிக்கப்பட்டவை ஏறக்குறைய 94 லட்சம், வெளியே சென்றவை 7 லட்சம், எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912இல் துதிக்கை திருத்திய ரூபாய் வெளிவந்தது. நகக்கண் அளவுமில்லாத ஓர் உருவத்தின் மூக்கு நீண்டதால் ஒரு நாணயம் செத்து மற்றொன்று பிறந்தது!

‘பன்றி ரூபாய்’ என்று வணிகர் இதனையே இன்றும் வழங்குகின்றனர். இதன் விலையை மதிப்பிடுவது ஒரு நல்ல பாடம். முதலாவது, இதற்கு ஓர் அடித்தளம் உண்டு. எடை 11.66 கிராம், பன்னிரண்டிற் பதினொரு பங்கு வெள்ளி, ஆகவே ஏறக்குறைய 10.7 கிராம் தூய வெள்ளியின் விலைக்குக் கீழே இது இறங்காது. ஐந்து ரூபாய்ப் பித்தளைக்கு அத்தகைய தளமில்லை. அதன் தளம் ஐந்து ரூபாயே. இரண்டாவது, 7 லட்சம் என்பது சிறு தொகையன்று. அவற்றுட் பல, நகைக்கும் பாத்திரத்திற்கும் உருகிப் போயின. எனினும் எஞ்சியவை கிடைத்தற்கரியன என்று சொல்லுதல் பொருந்தாது. தேய்ந்தது வெள்ளி விலைக்குச் சற்று மேலே நிற்கும். புழங்காமற் பளபளப்பது பன்மடங்கு மேலே போகும். ஒரே ஆண்டு, ஒரே பிழை, ஒரே எடை. விலையோ வெகுதூரம் வேறுபடுகின்றது. மூன்றாவது, இது நூறாண்டு கடந்துவிட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறாண்டுப் பழமையுள்ள நாணயம் தொல்பொருளாகும். தனியார் அதனை நாட்டிற்கு வெளியே அனுப்புதல் கூடாது. எனவே லண்டனில் இத்தனை பவுனுக்கு விற்றது என்று கேட்டு இங்குள்ளவர் கணக்கிடுவது வீண்.

பிழையின் வியப்பு விலையைத் தருவதில்லை. எத்தனை காசு, எத்தனை பேர் தேடுகின்றனர் என்பதே தருகின்றது. இங்கிலாந்தில் 2008இல் இருபது பென்சுக் காசின் உருவத்தை மாற்றியபோது, ஆண்டெண்ணைப் பின்முகத்தினின்று முன்முகத்திற்குக் கொண்டு சென்றனர். பழைய முன்முக அச்சும் புதிய பின்முக அச்சும் தவறிச் சேர்ந்துவிட்டன. ஆண்டே இல்லாத காசு பிறந்தது. அவை இரண்டரை லட்சத்துக்கு மேற்படா என்று அந்நாட்டு நாணயசாலை கூறியது. அடுத்த ஆண்டு ஒரு வணிக நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் 50 பவுன் தருவதாக அறிவித்தது. முகமதிப்பைப்போல் 250 மடங்கு. லட்சக்கணக்கில் இருந்த காசிற்கு இவ்விலை எப்படி வந்தது? சில்லறைக் காசைத் தேடிச் சேர்ப்போர் அந்நாட்டில் மிகப் பலர். நம் நாட்டிலோ பழங்காசு சேர்ப்போர் உளர்; தற்காலப் பிழைக் காசு சேர்ப்போர் சிலரே.

அமெரிக்காவின் 1943ஆம் ஆண்டுச் செப்புச் சென்ட் இதற்கு மறுதலை. போர்க்காலத்திற் செம்பு வேண்டியிருந்தமையால் அவ்வாண்டுச் சென்டுகளை நாகம் பூசிய எஃகில் அடித்தனர். முன்னாண்டுச் செப்பு வில்லைகள் சில பொறியில் தங்கி, புது அச்சுக்கு உட்பட்டன. 1947இல் மாசசூசெட்ஸ் நாட்டுப் பள்ளி மாணவன் ஒருவனுக்குச் சிற்றுண்டிச் சாலையிற் கொடுத்த சில்லறையில் அவற்றுள் ஒன்று கிடைத்தது. அக்காலத்தில் ஒரு வதந்தி: அத்தகைய காசைக் கொண்டுவருவோர்க்கு ஹென்றி போர்டு ஒரு மோட்டார் வண்டி தருவார் என்று! போர்டு நிறுவனத்தை வினவியபோது அது பொய்யெனத் தெரிந்தது. அரசாங்கக் கருவூலமோ, செப்புச் சென்டே அவ்வாண்டில் அடிக்கப்படவில்லை என்று விடையளித்தது. அம்மாணவர் எழுபது ஆண்டு அதனை வைத்திருந்தார். 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று. இக்கதையை மோசக்காரரும் சொல்வர். ஆனால் அக்காசுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதையும், எஃகுச் சென்டின்மேற் செம்பு பூசிய போலிகள் எண்ணிறந்தன என்பதையும், அவற்றைக் காந்தம் காட்டிக்கொடுக்கும் என்பதையும் சொல்லார்.

இடையே ஒன்று. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுகளைப் பற்றியே நம் பக்கத்திற் பெரும்பேச்சு. அவை 2012இல் வெளியான நினைவுக் காசுகள்; பிழையுமல்ல, அரியனவுமல்ல. அவற்றுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்று நம்பிய அதே மக்கள், பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்த விந்தையையும் குரோம்பேட்டைச் சந்தையிற் கண்டேன். கோடுகளின் எண்ணிக்கை வேறுபடுகின்றது, ஆதலின் கள்ளக் காசு என்பது அவர்கள் வாதம். 14 வகை உருவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பின்னும் பலகாலம் கடைக்காரர் கை நீளவில்லை. வேறுபட்ட காசு ஒன்று லட்சம் பெறும். வேறுபட்ட மற்றொன்று பத்து ரூபாயும் பெறாது! இரண்டும் வதந்தி இட்ட விலைகளே.

நம் போன்ற கல்லூரிகளுக்கு இவ்வகையில் ஒரு முன்னோர் வழி உண்டு. தென்னாட்டுக் காசுகளை முதன்முதல் வகைப்படுத்தி எழுதியவருள் மிஷன் பாதிரியார் சிலர் உளர். லோவெந்தால் பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி 1888இல் நூல் வெளியிட்டார்; மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டிரேசி பாதிரியார் பாண்டியர் காசுகளை ஆராய்ந்தார். கடைத்தெருவிற் புழங்கிய செப்புக் காசுகளை, அற்பம் என்று தள்ளாமல், எடுத்து நோக்கியவர்கள் அவர்கள். நமக்கு அவர்தம் புலமை வேண்டா. சிறு தராசும், காந்தமும், உருப்பெருக்கிக் கண்ணாடியும், ஏல முடிவுகளை எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடும் போதும்.

யான் வேண்டுவது இது: மாதம் ஒரு சனிக்கிழமை, வரலாற்று மாணவரும் இயற்பியல் மாணவரும் ஒருங்கிருந்து, காசு கொண்டுவரும் எவர்க்கும் கட்டணமின்றிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்லூரி வாயிலிலும் இருக்கலாம். குரோம்பேட்டையில் ஒரு படிப்பகத்திலும் இருக்கலாம். ஒரே தொகையைச் சொல்லாமல், இதற்கும் இதற்கும் இடையே என்று சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்பவர் அக்காசைத் தாமே வாங்குதல் ஒருநாளும் கூடாது. வாங்க நினைப்பவன் குறைத்தே மதிப்பான். ‘மாணவர் தவறிழைத்தால்?’ என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். தவறு நேரலாம். நூறு இருநூறு ரூபாய் கூடவோ குறையவோ சொல்லுவோம்; எட்டு லட்சம் என்று சொல்லமாட்டோம். ‘கட்டணம் கட்டாதீர்’ என்ற ஒரு சொல்லை உரிய வேளையிற் சொல்வோமாயின், மற்றப் பிழைகளை ஊர் பொறுத்துக்கொள்ளும்.

அம்மையாரிடம் யான் சொன்னது 300 முதல் 600 ரூபாய் என்று. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், “அப்போ அந்த எட்டாயிரம் கட்ட வேண்டாம் என்கிறாயா தம்பி?” என்றார். “வேண்டாம் அம்மா, இனி அந்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுக்கவே வேண்டாம்” என்றேன். அன்றிரவே 1930 என்னும் எண்ணில் முறையீடு செய்தோம். அடுத்த வாரம் சென்னையில் இரண்டு வணிகரிடம் காசைக் காட்டினோம். ஒருவர் 250 என்றார், மற்றவர் 400 என்றார். நானூறுக்குக் கொடுத்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பினோம். பேத்தியின் கட்டணத்திற்குத் தையற்கூலியும் சங்கக் கடனும் சேர்ந்து வழி பிறந்தது. அந்த 2,350 ரூபாய் இன்னும் வரவில்லை. முறையீட்டு எண்ணை அவர் தையற்பொறியின் இழுப்பறையில் வைத்திருக்கிறார்.